மேல்மலையில் மாடு பார்க்கப் போகிறவர்கள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் வரும் மேல்மலைக் கிராமம் கூக்கால். ஏரியையும் சோலைக்காட்டையும் காண்பதற்காக அங்கே செல்பவர்கள் உண்டு. நான் சென்ற ஜனவரியில் போனது, மாடு பார்க்க.

என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவரின் சொந்த ஊர் அது. எழுபது வயதைக் கடந்த அவருடைய தந்தை, பனிக்காலம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள், மலைச்சரிவில் விட்டிருக்கும் தம் மாடுகளைப் பார்த்துவரப் போகிறார். "சும்மா நடந்துட்டு வரலாம், வாங்க சார்" என்று அழைத்தார். காலை ஆறரை மணிக்கு ஊரை ஒட்டிய புல்வெளியில் ஏறத் தொடங்கினோம். பள்ளத்தில் இருந்த புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மிதித்த இடத்தில் நொறுங்கும் ஓசை கேட்டது. அவர் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் இருந்தது கல்லுப்பு.

மாடு மேய்ப்பது வேறு, மாடு பார்ப்பது வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேய்ப்பவர் காலையில் ஓட்டிச் சென்று மாலையில் திருப்பி ஓட்டி வருகிறார். இங்கே கறவை மாடு மட்டும் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது. கிடேரிகளும் வற்றிய மாடுகளும் சினை மாடுகளும் நாள்கணக்கில் புல்வெளியிலேயே தங்குகின்றன. உடையவர் இடையிடையே போய்ப் பார்க்கிறார், எண்ணுகிறார், ஒரு பிடி உப்பு வைக்கிறார், திரும்புகிறார். உப்புதான் மாட்டுக்கும் மனிதனுக்கும் இடையிலான உடன்படிக்கை. குரல் கொடுத்தால் உப்பு கிடைக்கும் என்று பழகிய மாடு எங்கிருந்தாலும் வந்து சேரும்.

அன்று அவர் குரல் கொடுத்தபோது ஒன்பது மாடுகள் வந்தன. பத்தாவது, சீகை மரப் புதருக்குள் நின்றது. பதினோராவது, நிறைசினையாக இருந்த ஒரு செவலைப் பசு, வரவில்லை.

அந்தப் பசுவைத் தேடி நடந்த ஐந்து மணி நேரத்தில், வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் கற்பித்த ஒரு பாடத்தில் எதை விட்டுவிட்டேன் என்பது புரிந்தது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில், பனிக்காலத்தில் ஏன் பார்க்க வேண்டும்? பழனி மலையின் மேல்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கிறது. அது ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்குகிறது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் பள்ளத்துப் புல் முதலில் கருகுகிறது. அந்தப் பனியில் சோலை மரக்கன்றுகளும் கருகிவிடுகின்றன. மடிப்புகளில் சோலை, திறந்த சரிவுகளில் புல் என்று இந்த மலை இரண்டாகப் பிரிந்து நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்கிறார்கள் சூழலியலாளர்கள்.

பனி கருக்கிய புல்லில் நார் கூடுகிறது, புரதம் குறைகிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே நாரைச் செரிக்க வைக்கின்றன. அவற்றுக்குப் புரதத்திலிருந்து கிடைக்கும் நைட்ரஜன் தேவை. அது குறைந்தால் செரிமானம் மந்தமாகிறது. தின்ற புல் வயிற்றிலேயே தங்குகிறது. பார்வைக்கு வயிறு நிறைந்திருக்கும், உடல் மட்டும் மெலிந்துகொண்டே போகும். இதைப் பெரியவர் ஒரே வரியில் சொன்னார்: "புல்லு கெடக்கு சார், அதுல சாரம் இல்ல."

குளிரைப் பற்றியும் நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. உலர்ந்த ரோமமும் செரித்துக்கொண்டிருக்கும் வயிறும் உள்ள மாடு, தெளிந்த பனியிரவைத் தாங்கிவிடும். அசைபோடும் வயிறே அதற்குக் கணப்பு. தாங்க முடியாதது ஈரமும் காற்றும் சேர்ந்த இரவு. மழையின் கடைசித் தூறலில் நனைந்து, காற்றில் நின்று, வயிறும் காய்ந்த மாடு விரைவில் தளர்ந்துவிடும். நம் நாட்டுத் திமில் மாடுகள் வெயிலுக்குப் பழகியவை. ஐரோப்பிய இனங்களைப் போலக் குளிரைத் தாங்கும் உடல் அவற்றுக்கு இல்லை.

ஆகவே பார்ப்பது என்பது எண்ணுவது மட்டும் அன்று. அவர் ஒவ்வொரு மாட்டையும் பின்னாலிருந்து பார்த்தார். இடுப்பெலும்பு எவ்வளவு துருத்தியிருக்கிறது? விலா தெரிகிறதா? இடது வயிற்றுப் பள்ளம் ஒட்டியிருக்கிறதா? ஒரு மாட்டை நாலடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனித்தார். கோமாரி வந்தால் வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் தோன்றும், நடை மாறும். பிறகு, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, ஒரு மாடு சிறுநீர் கழிக்கும்வரை காத்திருந்தார். புல் அற்றுப்போகும் மாதங்களில் பசித்த மாடு பெரணிச் செடியைக் கடிக்கும். அதைத் தொடர்ந்து தின்ற மாடு இரத்தம் கலந்த சிறுநீர் கழிப்பது இமயம் முதல் நீலகிரி வரை மலைநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் அறிந்த நோய். தொடக்கத்திலேயே கண்டு இடம் மாற்றினால்தான் மாட்டைக் காப்பாற்ற வழியுண்டு. 'உடையவன் பாராப் பயிர் உருப்படாது' என்பார்கள். பயிராவது நட்ட இடத்தில் நிற்கிறது.

இனி பொருளியலுக்கு வருகிறேன். புல்வெளியில் மேயும் மாட்டுக்குச் செலவில்லை என்பது பொதுவான எண்ணம். கணக்கு வேறு சொல்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை ஏறத்தாழ 17 வாரங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் 34 நாள் உழைப்பு. 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அதையே அளவுகோலாகக் கொண்டாலும் ஒரு பனிக்காலத்துக்கு 10,846 ரூபாய் பெறுமானமுள்ள உழைப்பை அந்தப் பெரியவர் செலுத்துகிறார். எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறுவதில்லை. அவரிடம் கேட்டால், 'சும்மா போய்ப் பார்த்துட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார். இலவசமாகத் தெரிவது புல். விலையுள்ளது அதற்குப் பின்னால் நடக்கும் கால்கள்.

வரவு என்ன? பால் அன்று. முதன்மையான வரவு எரு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் வட்டாரத்துப் படிக்கட்டு வயல்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாண்டாகப் பயிரேறும் சரிவு நிலத்துக்குத் தொழுவுரம் தேவை. மாட்டை விற்றுவிட்டவர்கள் அந்த எருவை லாரியில் கீழிருந்து வரவழைக்க வேண்டும். மலைப்பூண்டின் பெயரை உலகம் அறிந்திருக்கிறது. அந்தப் பூண்டுக்குப் பின்னால் ஒரு மாடும், அந்த மாட்டுக்குப் பின்னால் பனியில் நடக்கும் ஒரு கிழவரும் இருப்பது தெரிவதில்லை.

இந்த நடையின் தூரம் ஆண்டுக்காண்டு கூடிவருகிறது என்றார் அவர். முதுமையின் சலிப்பு என்று முதலில் நினைத்தேன். அது நிலத்தின் வரலாறு. பழனி மலையின் நிலப்பரப்பு மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களாலும் கள ஆய்வாலும் அளந்து 2018இல் வெளியான ஆராய்ச்சி, நாற்பது ஆண்டுகளில் இயற்கைப் புல்வெளிகளில் 66 விழுக்காடு அழிந்துவிட்டதாகக் கண்டறிந்தது. சோலைக்காட்டின் இழப்பு 31 விழுக்காடு. அதாவது, நாம் அதிகம் வருந்தும் காட்டைவிட, வருந்தாத புல்வெளியே இரு மடங்குக்கு மேல் அழிந்திருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் சீகை, தைலம், பைன் தோட்டங்கள், அடுத்த நிலையில் வேளாண்மை.

மரமில்லாத நிலம் வீண் நிலம் என்னும் பார்வை ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. விடுதலைக்குப் பின்னும் அது மாறவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டும், ஆலைகளுக்குக் கூழ் வேண்டும், ஆகவே சும்மா கிடக்கும் புல்வெளியில் மரம் நடலாம் என்று முடிவு செய்யப்பட்டது. 12 ஆண்டுகளுக்கொரு முறை குறிஞ்சி பூக்கும் நிலம், மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடும் நிலம், மாடு மேயும் நிலம் ஆகிய மூன்றும் ஒன்றே என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. நட்ட இடத்தோடு சீகை நிற்கவுமில்லை. விதை பரவி, மிஞ்சிய புல்லுக்குள்ளும் நுழைந்தது. சோலைக் கன்றைக் கருக்கும் உறைபனி சீகைக் கன்றை அந்த அளவுக்கு வாட்டுவதில்லை என்று நீலகிரியில் நடந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. புல்வெளியைக் காத்த பனி, புதிய மரத்திடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

மாடு பார்ப்பவருக்கு இதன் பொருள் எளிது. முன்பு ஒரு மேட்டில் ஏறி நின்றால் எதிர்ச்சரிவு முழுவதும் கண்ணில் படும். இப்போது புதருக்குள் புதராகத் தேட வேண்டும். பனியிரவில் மாடு இயல்பாகவே மரத்தின் ஓரம் ஒதுங்கும், அங்கே கதகதப்பு சற்றுக் கூடுதல். அதே மறைவு சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் ஏற்றது. எங்கள் தேடலில் பாதி நேரம் சீகைப் புதர்களில்தான் கழிந்தது.

இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. பழனி மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றி அமைத்தது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமைகளுள் ஒன்றாக ஏற்கிறது. ஆனால், பழங்குடியினர் அல்லாத மரபுவழி வனவாசிகள் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். புல்வெளியில் நடந்த காலடிக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்?

வனத்துறையின் கவலையைப் புறந்தள்ளுவதும் நேர்மையாகாது. கோமாரி போன்ற நோய்கள் மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் பரவக்கூடும். அளவுக்கு மீறி மேய்ந்தால் மண் அரிக்கும். வெளியூர் முதலாளிகளின் மாடுகள் உள்ளூர்க்காரர் பெயரில் காட்டுக்குள் விடப்பட்டால் அது வாழ்வாதாரமன்று, வணிகம். ஆனால் இந்தக் கேடுகள் ஒவ்வொன்றும் எப்போது பெருகுகின்றன என்று பாருங்கள். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத மாடு, யாருடையது என்று தெரியாத மாடு, எத்தனை என்று எண்ணப்படாத மந்தை. சிக்கல் மேய்ச்சலில் தொடங்குவதைக் காட்டிலும், பார்ப்பார் இல்லாமையில்தான் தொடங்குகிறது.

இங்கேதான் என் வகுப்பறைத் தவறு இருக்கிறது. கேரட் ஹார்டின் 1968இல் எழுதிய 'பொதுநிலங்களின் அவலம்' என்ற கட்டுரையை ஆண்டுதோறும் கற்பித்தேன். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்ப்பதால் வரும் லாபம் அவருக்கே, நட்டம் எல்லாருக்கும். ஆகவே எல்லாரும் சேர்ப்பார்கள், நிலம் அழியும் என்பது அவர் வாதம். கரும்பலகையில் அழகாக நிற்கும் வாதம். ஆனால் ஹார்டினின் மேய்ப்பர் மாட்டைச் சேர்க்க மட்டுமே செய்கிறார். பனியில் ஏறிப்போய் ஒருநாளும் பார்ப்பதில்லை. பக்கத்து மாட்டுக்காரரோடு பேசுவதுமில்லை. தாம் சொன்னது நிர்வகிக்கப்படாத பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று ஹார்டினே பிற்காலத்தில் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தத்தை நான் தேர்வுக்குரிய ஒரு குறிப்பாக மட்டுமே சொல்லிக்கொடுத்தேன்.

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990இல் வெளிவந்த தம் நூலில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலைக்கிராமத்தை எடுத்துக்காட்டுகிறார். அந்த ஊரார் 1517லேயே எழுதிவைத்த விதி இது: தன் வீட்டுத் தீவனத்தைக் கொண்டு குளிர்காலத்தில் எத்தனை பசுக்களை ஒருவரால் காப்பாற்ற முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். எத்தனை மாடு என்ற கேள்விக்கு அவர்கள் பனிக்காலத்தை நீதிபதியாக்கினார்கள். புல் செழித்த மாதத்தில் எல்லாருக்கும் ஆசை பெரிது. பனி மாதத்தில்தான் உண்மையான கொள்ளளவு தெரியும்.

இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் என்ற புதர்ப்புல்வெளியில் இன்றும் பொது மேய்ச்சல் நடக்கிறது. மாடும் மட்டக்குதிரையும் ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் திரிகின்றன. உரிமையுள்ளோர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்துகிறார்கள். அவற்றைச் சுற்றிவந்து பார்ப்பதற்கென்றே 'அஜிஸ்டர்' எனப்படும் ஊழியர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஒரு விலங்கு மெலிந்துவிட்டதைக் கண்டால், அதை வீட்டுக்கு ஓட்டிச்செல்லும்படி உடையவருக்கு அவர்கள் ஆணையிடலாம். கூக்கால் பெரியவர் தம் செலவில் செய்யும் வேலை, அங்கே ஒரு பதவி.

நமக்கு அந்நிய ஏற்பாடு எதையும் அப்படியே பெயர்த்துவைக்கத் தேவையில்லை. முறைவைத்து நீர் பாய்ச்சிய ஊர்கள் நம்முடையவை. ஏரிக்கு நீர்க்கட்டி வைத்து, அவருக்கு நெல்லளந்த ஊர்கள் நம்முடையவை. அதே ஏற்பாட்டை மாட்டுக்கும் செய்யலாம். ஐந்து குடும்பங்கள் தனித்தனியே பார்க்கப் போனால் பனிக்காலத்தில் 170 நாள் உழைப்பு செலவாகும். முறைவைத்துப் போனால் எல்லாருக்குமாக 34 நாள், குடும்பத்துக்கு ஏழு நாள் போதும். அல்லது கூலி கொடுத்து ஒருவரை அமர்த்தினால், மேற்சொன்ன கூலிக் கணக்கில் குடும்பத்தின் பங்கு 2,200 ரூபாய்க்குள் அடங்கும்.

அரசின் பங்கும் உண்டு. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி இலவசம். மேல்மலை ஊர்களில் அது பனிக்கு முன்பே, மாடுகள் மலையேறுமுன் போடப்பட வேண்டும். காதுவில்லை இல்லாத மாடு மேயக் கூடாது என்று ஊரே விதி வைக்கலாம். அயல் தாவரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை வெளியிட்டது. அப்படி அகற்றும்போது, முன்பு புல்வெளியாக இருந்த இடம் புல்வெளியாகவே மீள வேண்டும், மீண்டும் மரம் நட்டுக் கணக்குக் காட்டும் இடமாகிவிடக் கூடாது. சரணாலயத்துக்கு வெளியே ஊரையொட்டி மீளும் புல்வெளியில், டோர்பெல்காரர்கள் செய்ததைப் போல, பனிக்காலக் கொள்ளளவுக்கு ஏற்ற எண்ணிக்கையை ஊரும் வனத்துறையும் கால்நடைத் துறையும் கூடி வரையறுக்கலாம். மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது. மேல்மலையின் மேய்ச்சலை அறிந்த அந்த நிறுவனத்தின் பட்டறிவு சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

இதற்கெல்லாம் காலம் அதிகமில்லை. பார்க்கப் போகிறவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விடுதிகளிலும் வாகனங்களிலும், என் மாணவரைப் போல நகரத்து அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அதில் பிழையில்லை. அவர்களைப் படிக்கவைத்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் செவலைப் பசு அன்று கிடைக்கவில்லை. நண்பகலில் திரும்பினோம். "செத்துருந்தாக் கழுகு, காக்கா சுத்தும். ஒன்னும் சுத்தல" என்று மட்டும் சொன்னார். நான்காம் நாள் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். கீழ்ச்சரிவில் பூண்டு வயலில் வேலை செய்த பெண்கள், சீகைக் கூட்டத்தின் ஓரத்தில் பசுவைக் கன்றோடு பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் போய், கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வர, பசு பின்னாலேயே வந்துவிட்டதாம். கன்று நலம்.

எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மாணவர் அடுத்துச் சொன்னது வேறு. கறவையையும் அந்தப் பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சித்திரைக்குள் விற்றுவிடப் போவதாக அப்பா முடிவு செய்துவிட்டாராம். விலை குறைவா, காலில் வலியா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று, அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்:

"பாக்குறதுக்கு ஆள் இல்லாம மாட்டை மலையில விட்டா, அது வளக்குறது இல்லப்பா, கைவிடுறது."